மூலப்பத்திரத்தில் இருக்கிறது நம் மாவட்டத்தின் கதை

வீட்டு பீரோவில் பழைய பத்திரம் ஏதாவது இருந்தால் ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். தாத்தா வாங்கிய காணியோ, பாட்டிக்குச் சீதனமாக வந்த மனையோ, எதுவாக இருந்தாலும் சரி. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பத்திரம் என்றால் ‘செங்கல்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலுகா’ என்று இருக்கும். 1990களில் எழுதியது என்றால் ‘செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்’ என்று இருக்கலாம். திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் என்றால் ‘சித்தூர் ஜில்லா’. அதற்கும் முந்தைய தாள் கிடைத்தால் ‘வட ஆற்காடு ஜில்லா’.

நிலம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதே வரப்பு, அதே புளியமரம். ஆனால் மேலே எழுதிய மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் என்று ஒன்று பிறந்தது 1997இல். கணக்குப் பார்த்தால் முப்பது வயதுகூட ஆகாத மாவட்டம். ஆனால் இந்த மண்ணுக்குக் கோடு போட்டு, பெயர் வைத்து, ‘இது யாருக்குச் சொந்தம்’ என்று கணக்கெழுத ஆரம்பித்து 250 வருடங்களுக்கு மேல் ஆகிறது. அந்தக் கணக்கில் யார் பெயர் ஏறியது, யார் பெயர் விடுபட்டது என்பதுதான் இந்த மாவட்டத்தின் உண்மையான வரலாறு. அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

கோடு போடுவதற்கு முன்னால்

மனிதர்கள் இங்கே எப்போது வந்தார்கள் என்று கேட்டால் தலை சுற்றும். பூண்டிக்குப் பக்கத்தில், கொசஸ்தலை ஆற்றங்கரையில் அத்திரம்பாக்கம் என்று ஓர் ஊர். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியல் அறிஞர் அங்கே கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். பிற்காலத்தில் அதே இடத்தில் சாந்தி பப்பு தலைமையிலான குழு பல வருடங்கள் அகழாய்வு செய்து, அந்தக் கருவிகளில் பழையவை ஏறக்குறைய 15 லட்சம் வருடங்களுக்கு முந்தையவை என்று 2011இல் அறிவித்தது. கூவத்தூர், மாமல்லபுரம் என்று கடற்கரைக்கு ஓடும் நம் பிள்ளைகளை ஒரு தடவை பூண்டியில் உள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகலாம்.

ஊர், நாடு என்று எல்லை வகுத்த காலத்தில் இது தொண்டை மண்டலம். அதை 24 கோட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். புழல் கோட்டம், ஈக்காட்டுக் கோட்டம் எல்லாம் அவற்றில் சேர்ந்தவை. புழல் என்றால் இன்று நமக்கு ஏரியும் சிறையும்தான் ஞாபகம் வருகின்றன. ஈக்காடு என்றால் திருவள்ளூரை ஒட்டிய ஒரு ஊர். ஒரு காலத்தில் அவை இரண்டும் தலைமையிடங்கள்!

தொண்டை மண்டலத்தில் காவிரி மாதிரி வருடம் முழுக்க நம்பக்கூடிய ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையை ஏரியில் பிடித்து வைத்துக்கொண்டு வருடத்தை ஓட்ட வேண்டும். அதனால் இங்கே ஊர் என்றாலே முதலில் ஏரி. ஏரி இருந்தால்தான் நன்செய், நன்செய் இருந்தால்தான் ஊர். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பிறகு வந்த அத்தனை சண்டையும் ஏதோ ஒரு வகையில் இந்தத் தண்ணீரையும் அது பாயும் நிலத்தையும் சுற்றித்தான்.

சென்னைக்கு மூத்தது பழவேற்காடு

நம் மாவட்டத்தில் ஐரோப்பியர்கள் முதலில் கால் வைத்தது பழவேற்காட்டில். போர்ச்சுக்கீசியர் வந்து, பின்னால் டச்சுக்காரர்கள் வந்து, 1613இல் ஜெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சென்னையில் ஆங்கிலேயர் இடம் வாங்கியது 1639இல்தான். அதற்கும் 26 வருடங்களுக்கு முன்பே பழவேற்காட்டில் கோட்டை நின்றிருக்கிறது. சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக்காரர்களுக்கு அதுதான் பல காலம் தலைமையிடம்.

அவர்கள் இங்கே தேடி வந்தது துணியை. நெல்லூர் வரை உள்ள நெசவாளர்கள் நெய்த கட்டம் போட்ட துணி இங்கிருந்து கப்பலேறியது. நம் வீட்டுப் பெரியவர்கள் ‘பாலேக்காட்டுக் கைலி’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அது இந்தப் பழவேற்காடுதான். துணியோடு மனிதர்களையும் ஏற்றினார்கள். பஞ்ச காலங்களில் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் இந்தத் துறைமுகத்திலிருந்து பட்டாவியாவுக்குப் போனார்கள். இன்றைய ஜகார்த்தாதான் அந்தப் பட்டாவியா. 1825இல் டச்சுக்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அவர்கள் விட்டுப்போன கல்லறைத் தோட்டம் இன்றும் அங்கே இருக்கிறது. அந்தக் கல்லறைகளில் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. கப்பலேறியவர்களுக்கு அதுவும் இல்லை.

கடனுக்கு வந்த ஜாகீர்

இனிதான் நம் பத்திரத்தின் முதல் பக்கம் ஆரம்பிக்கிறது. 1763ஆம் வருடம் ஆற்காடு நவாப் முகமது அலி, தனக்காகப் போர் செய்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு பெரிய நிலப்பரப்பை ‘ஜாகீர்’ ஆகக் கொடுத்தார். அதாவது, அந்த நிலத்தின் வருமானத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்ற உரிமை. இரண்டு வருடம் கழித்து டில்லி பாதுஷாவும் அதற்குச் சம்மதம் கொடுத்தார். சென்னையைச் சுற்றி வடக்கு, மேற்கு, தெற்கு மூன்று பக்கமும் பரந்திருந்த அந்த ஜாகீர்தான் பிற்காலத்தில் செங்கல்பட்டு ஜில்லா. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அதற்குள் அடக்கம். ஆக, ஒரு நவாபின் கடன் கணக்கில்தான் நம் ஜில்லா பிறந்தது.

கம்பெனி அதை நேரடியாக நிர்வகிக்கவில்லை. நவாபுக்கே திரும்பக் குத்தகைக்கு விட்டது. ஆனால் ‘நம் நிலத்தில் என்னதான் இருக்கிறது’ என்று தெரிந்துகொள்ளும் ஆசை அதற்கு இருந்தது. தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை 1767இல் அளக்க அனுப்பியது. 1774 வரை அவர் ஏறக்குறைய 2,000 ஊர்களைச் சுற்றிக் கணக்கெடுத்தார்.

அந்தக் கணக்கு அவர் கையால் எழுதியது அல்ல, ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதி வைத்திருந்ததிலிருந்து வந்தது. ஊரில் எத்தனை வீடு, எத்தனை ஏரி, எவ்வளவு நன்செய், எவ்வளவு புன்செய், எத்தனை கோயில். களத்துமேட்டில் நெல் தூற்றி அளக்கும்போது குயவருக்கு எவ்வளவு, தச்சருக்கு எவ்வளவு, வண்ணாருக்கு எவ்வளவு, ஏரி மராமத்துக்கு எவ்வளவு என்று மரக்கால், படிக் கணக்கில் எல்லாம் இருந்தன. காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் இந்த ஆவணங்களின் அருமையை எடுத்துச் சொன்ன பிறகு, சென்னையில் சில ஆய்வாளர்கள் அந்த ஓலைகளைப் படித்து நூலாகவே கொண்டுவந்திருக்கிறார்கள். நம் ஊர் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆற்றங்கரையில் ஒரு இரவு

கணக்கெடுத்து முடித்து ஆறு வருடம்கூட ஆகவில்லை, 1780இல் மைசூர் ஹைதர் அலி பெரும்படையோடு இறங்கினார். கும்மிடிப்பூண்டிக்கும் இந்தப் போரில் ஒரு பங்கு உண்டு.

வடக்கே குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி என்பவர் கம்பெனிப் படை ஒன்றை அழைத்துக்கொண்டு வந்தார். காஞ்சிபுரத்தில் இருந்த முக்கியப் படையோடு அவர் சேர வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் கும்மிடிப்பூண்டி வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் வடகரைக்கு வந்து சேர்ந்தார். ஆற்றில் அன்று தண்ணீர் இல்லை. நடந்தே கடந்திருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கரையிலேயே கூடாரம் அடித்தார். இரவோடு இரவாக வெள்ளம் வந்துவிட்டது. அதன்பின் செப்டம்பர் முதல் வாரத்தில்தான் அவரால் ஆற்றைக் கடக்க முடிந்தது. அதற்குள் ஹைதரின் மகன் திப்பு வழியை மறித்துவிட்டார். செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது. பெய்லி சிறைப்பட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார்.

மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆற்றைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. காலையில் மணல், மாலையில் வெள்ளம் என்பது அதன் சுபாவம்.

தோற்றதும் ஜெயித்ததும் படைகள். ஆனால் அடி விழுந்தது ஊர்களுக்கு. அடுத்த வருடம் கம்பெனித் தளபதி அயர் கூட் திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர்க் கோட்டையைப் பிடித்தார். இரண்டு பக்கத்துப் படைகளும் மாறி மாறி நடந்த வழியெல்லாம் பயிர் போயிற்று, மாடு போயிற்று, ஏரிக்கரைகள் உடைந்தன. பஞ்சம் வந்தது. ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். பர்னார்டின் கணக்கில் வீடுகள் நிறைந்திருந்த ஊர்கள் பல, போர் முடிந்தபோது ஆளில்லாத மேடுகளாக இருந்தன.

கலெக்டர் வந்தார்

அதன்பிறகுதான் கம்பெனி நேரடியாக நிர்வாகத்தில் இறங்கியது. 1794இல் லயனல் பிளேஸ் என்பவர் கலெக்டராக வந்தார். 1798 வரை இருந்தார். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் ஒரு வெள்ளைக்கார கலெக்டர் வருவாரே, இரவில் கரையில் ராம லட்சுமணர் காவல் நிற்பதைக் கண்டு தாயார் சந்நிதி கட்டிக் கொடுத்ததாக, அவர் இந்த பிளேஸ்தான். கதை பக்தர்கள் சொல்வது. அவர் ஏரிகளைச் சீர்செய்ய முனைந்தது சரித்திரம். ஏரி நிறைந்தால்தான் வரி வரும் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

பிளேஸுக்கு ஒரு பெரிய தலைவலி, ‘இந்த நிலம் யாருக்குச் சொந்தம்?’ என்ற கேள்வி. ஊரில் மிராசுதாரர்கள் என்று சில குடும்பங்கள் இருந்தன. காணியாட்சி என்று தமிழில் சொல்வார்கள். ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்கு அவர்களுக்கு உண்டு. வரி அதிகம் என்று அவர்கள் மறுத்தால் கலெக்டரால் சுலபமாக ஒன்றும் செய்ய முடியாது. பூந்தமல்லிப் பக்கத்தில் சிலர் ஊரைவிட்டே வெளியேறிப் போராடினார்கள். பிளேஸ் வேறு ஆட்களைக் கொண்டுவந்து உழவைத்துப் பார்த்தார். சண்டை முடியவில்லை.

1802 வாக்கில் நிலங்களை மொத்தம் மொத்தமாக ஏலம் விட்டு ஜமீன்களை உண்டாக்கினார்கள். ஏலம் எடுத்தவர்களில் பலரால் பணம் கட்ட முடியவில்லை. அந்த ஏற்பாடும் பல இடங்களில் சரிந்தது. பிறகு ரயத்துவாரி வந்தது. அதாவது, ஒவ்வொரு விவசாயியும் நேரடியாக அரசுக்கு வரி கட்டுவது. இதற்கிடையே எல்லிஸ் என்ற சென்னை கலெக்டர், மிராசு உரிமை என்றால் என்ன என்பதைத் தமிழ்ப் பண்டிதர்களைக் கேட்டுத் தேடித்தேடி எழுதினார். திருவள்ளுவர் உருவம் பொறித்த தங்க நாணயம் வெளியிட்டவர் என்று நாம் அறிந்த அதே எல்லிஸ்தான்.

கணக்கில் ஏறாதவர்கள்

இத்தனை கலெக்டர்கள், இத்தனை கேள்விகள். ஆனால் எல்லாக் கேள்வியும் ‘நிலத்தில் பங்கு உள்ளவர் யார்’ என்பது பற்றித்தான். அந்த நிலத்தில் இறங்கி ஏர் ஓட்டியவர், நாற்று நட்டவர், ஏரி மண் சுமந்தவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் சேரியில் வாழ்ந்த பறையர் குடும்பங்கள். பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணைக்குக் கட்டுப்பட்டவை. களத்துமேட்டில் அவர்களுக்குப் படி உண்டு, நிலத்தில் பங்கு கிடையாது. ஊரில் தரிசு கிடந்தால்கூட அதைக் கேட்கும் முதல் உரிமை மிராசுதாரருக்கு. கூலிக்காரர் மனு போட்டால், ‘எனக்கே வேண்டும்’ என்று மிராசுதாரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். குடியிருக்கும் வீட்டுமனைகூடப் பண்ணையாருடையது. எதிர்த்துப் பேசினால் கூரை போய்விடும்.

இதை அரசாங்கக் காகிதத்தில் பச்சையாக எழுதியவர் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர். 1891இல் அவர் கொடுத்த அறிக்கை செங்கல்பட்டு ஜில்லாவின் பறையர் மக்களைப் பற்றியது. அவர்கள் பட்ட கடன், பட்டினி, அடி எல்லாவற்றையும் விவரித்து, இதற்கு ஒரே மருந்து நிலம்தான் என்றார். அதைத் தொடர்ந்துதான் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை வந்தது. அதன்படி ஒதுக்கிய நிலத்தைத்தான் ‘பஞ்சமி நிலம்’ என்கிறோம். அதைப் பெற்றவர் பத்து வருடங்களுக்கு விற்கக்கூடாது. அதன்பிறகு விற்றாலும் அதே ஒடுக்கப்பட்ட சமூகத்தவருக்குத்தான் விற்க வேண்டும். மற்றவர் வாங்கினால் செல்லாது.

யோசித்துப் பாருங்கள். இந்தியா முழுவதும் பேசப்படும் ஒரு சட்டம் நம் பழைய ஜில்லாவின் வயல் வரப்பில்தான் பிறந்தது. ஆனால் சட்டம் இருந்தும் அந்த நிலங்களில் பெரும்பகுதி கை மாறிப்போனது. கடனுக்கு, கல்யாணத்துக்கு, மிரட்டலுக்கு. 1994இல் காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு நடந்த போராட்டத்தில், செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தார்கள். அரசாணை வந்து 102 வருடங்கள் கழித்து!

ஒரே ஊர், நான்கு மாவட்டம்

இப்போது வடமேற்குப் பக்கம் வருவோம். திருத்தணி முன்பு கார்வேட்டிநகரம் ஜமீனில் இருந்த ஊர். வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. 1911இல் சித்தூர் ஜில்லா உண்டானபோது அதற்குள் போய்விட்டது. அப்போது எல்லாமே சென்னை மாகாணம் என்பதால் யாரும் கவலைப்படவில்லை. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோதுதான் சித்தூரோடு சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. முருகன் வீடு ஆந்திராவிலா என்று தமிழர்கள் கொதித்தார்கள்.

ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டத்தை முன்னின்று நடத்தினார். மங்கலங்கிழார் போன்றவர்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் தமிழ் சொல்லிக் கொடுத்து, மக்களைத் திரட்டினார்கள். கடைசியில் படாஸ்கர் என்பவரை நடுவராக வைத்து இரு மாநிலங்களும் பேசி, ஊர் ஊராகக் கணக்குப் பார்த்து, கொடுக்கல் வாங்கல் நடந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, செங்கல்பட்டு ஜில்லாவில் சேர்ந்தது. பதிலுக்கு நம் பக்கத்திலிருந்து சத்தியவேடு போன்ற பகுதிகள் ஆந்திராவுக்குப் போயின.

இதில் ஒரு வேடிக்கை. டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தபோது அது வட ஆற்காடு ஜில்லா. அவர் வாலிபராக இருந்தபோது சித்தூர் ஜில்லா. 1962இல் அவர் குடியரசுத் தலைவர் ஆனபோது செங்கல்பட்டு ஜில்லா. இன்று ஆசிரியர் தினத்தில் அவர் படத்துக்கு மாலை போடும்போது அது திருவள்ளூர் மாவட்டம். அவர் பிறந்த ஊர் அதே இடத்தில்தான் இருக்கிறது.

வேடிக்கை போக, கோடு போட்ட இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது வேதனையும்தான். ஊத்துக்கோட்டையிலிருந்து பார்த்தால் ஒரு கூப்பிடு தூரத்தில் ஆந்திரா. இந்தப் பக்கம் ‘கண்டிகை’ என்று முடியும் ஊர்கள் அந்தப் பக்கம் ‘கண்ட்ரிகா’ என்று முடிகின்றன. பெண் கொடுத்தது, எடுத்தது எல்லாம் இரண்டு பக்கமும்தான். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்குப் பத்திரம் தமிழில், தம்பிக்குத் தெலுங்கில்.

தண்ணீரும் நிலமும் போன பாதை

சென்னைக்குக் குடிக்கத் தண்ணீர் போதவில்லை என்றபோது, மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தியின் முயற்சியால் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. 1944இல் திறந்தார்கள். சத்தியமூர்த்தி அதற்கு முந்தைய வருடமே காலமாகிவிட்டார். திருவெண்பாக்கம் என்ற பாடல் பெற்ற தலம் அந்தத் தண்ணீருக்குள் போனது. சுவாமியை எடுத்துவந்து பூண்டியில் புதிதாகக் கோயில் கட்டினார்கள். இன்று ஊன்றீஸ்வரரைத் தரிசிக்கிறவர்கள் பலருக்கு அவரும் இடம்பெயர்ந்தவர்தான் என்பது தெரியாது. புழல், சோழவரம், பூண்டி, 2020இல் திறந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் வரை, சென்னையின் தாகத்துக்கு இந்த மண் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

தண்ணீருக்கு அடுத்து நிலம். 1971இல் சிப்காட் நிறுவனம் தொடங்கிய பிறகு, அதன் ஆரம்பகாலத் தொழிற்பேட்டைகளில் ஒன்று கும்மிடிப்பூண்டிக்கு வந்தது. ரயில், நெடுஞ்சாலை, துறைமுகம் மூன்றும் பக்கத்தில் என்றால் தொழிற்சாலைக்கு வேறென்ன வேண்டும்? இரும்பு உருக்கும் ஆலைகள், ரசாயன ஆலைகள் என்று வரிசையாக வந்தன. நம் பிள்ளைகளுக்கு வேலை வந்தது, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள், வீட்டு வாடகை வந்தது, டீக்கடைப் பலகையில் இந்தி வந்தது. கூடவே புகையும் வந்தது. பிறகு தேர்வாய்கண்டிகையில் புதிய தொழிற்பேட்டை என்றபோது, அந்த ஊர் மக்கள் எதிர்த்தார்கள். அது மாடு மேய்க்கும் நிலம், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் காடு என்பது அவர்கள் வாதம். அந்த ஊரில் பெரும்பாலோர் தலித் மக்கள். பேட்டை வந்துவிட்டது. ஆனால் அவர்கள் கேட்டது பர்னார்டு காலத்துக் கேள்வியேதான்: இந்த நிலம் கணக்கில் யாருடையது?

அதே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது. 2021 முதல் அதை ‘மறுவாழ்வு முகாம்’ என்கிறோம். 1990 வாக்கில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்கள் பெயரில் பத்திரம் மட்டும் இல்லை.

மாவட்டம் பிறந்த வருடம்

செங்கல்பட்டு ஜில்லாவின் தலைமையிடம் நீண்ட காலம் சைதாப்பேட்டையில் இருந்தது. 1968இல் காஞ்சிபுரத்துக்குப் போனது. அப்போது கும்மிடிப்பூண்டி, பழவேற்காட்டுக்காரர்கள் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டுமானால் சென்னையைத் தாண்டிக் காஞ்சிபுரம் போக வேண்டும். ஒரு நாள் கூலி, பஸ் கட்டணம், சாப்பாடு. போய்ச் சேர்ந்தால் ‘ஐயா கேம்ப் போயிருக்கிறார்’ என்று பதில் வந்தால் கதை முடிந்தது. 1997இல் மாவட்டம் பிரிந்து திருவள்ளூர் தலைமையிடமானது ஏதோ வரைபட மாற்றம் மட்டும் இல்லை. ஏழையின் மனு நடக்க வேண்டிய தூரம் குறைந்தது. ஆனாலும் கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் போக வேண்டும் என்றால் இன்றும் பேசின் பிரிட்ஜ் வரை வந்துதான் மாற வேண்டும்!

அதன்பின்னும் கோடு ஓயவில்லை. 2018இல் அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர், மதுரவாயல் வட்டங்கள் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தன. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டம் ஆனது. மகளுக்கு 22 வயது ஆனபிறகு தாய் மறுபடி பிறந்த கதை!

மனை வாங்குகிறவர்களுக்கு

இந்த வரலாறெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி சாலைகளில் கொடி நட்டு மனை விற்கிறார்கள். நகையை விற்று வாங்குகிறோம். அப்படி வாங்குமுன் வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாதீர்கள். மூலப்பத்திரத்தை முழுதாகக் கேளுங்கள். சர்வே எண்ணை வைத்து ‘அ’ பதிவேட்டில் அந்த நிலம் எந்த வகை என்று பாருங்கள். இப்போது இணையத்திலேயே பார்க்க முடிகிறது. மேய்க்கால், ஏரி, வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் கிட்டே போகாதீர்கள். பஞ்சமி நிலமா என்பதைத் தாலுகா அலுவலகத்தில் பழைய பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பஞ்சமி நிலம் என்று தெரிந்தும் ‘எல்லோரும் வாங்குகிறார்களே’ என்று வாங்கினால், பணமும் போகும், 1892இல் ஒருவருக்குக் கிடைத்த நியாயத்தைப் பறித்த பாவமும் சேரும்.

இன்னொன்று. பழைய பத்திரத்தில் ‘சக்குபந்தி’ என்று நான்கெல்லை எழுதியிருப்பார்கள். ‘கிழக்கே ஏரிக்கால், மேற்கே இன்னாருடைய நன்செய், வடக்கே பனந்தோப்பு, தெற்கே தாங்கல்’ என்பது மாதிரி. அதைப் பெரியவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை வைத்துக்கொண்டு படியுங்கள். அந்த ஏரிக்கால் இப்போது எங்கே, அந்தத் தாங்கல் இருந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பதில்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதாமல் விட்ட பெயர்களும் அந்த நோட்டில் ஏறட்டும்: நிலத்தை உழுதவர் பெயர், கரையைக் காத்தவர் பெயர், நாற்று நட்ட பாட்டியின் பெயர்.

அடுத்த வாரம் வேறொரு ஊரில் சந்திப்போம்.